கிடாரத்துக்குள் உபயம்

மருதனார்மடம் சந்தியில் இறங்கி, மியூவன் ஆராய்ச்சி நிறுவகம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது. விழா மண்டபம் எங்கே என்று கேளுங்கள், ஓட்டோக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய் இறக்கிவிடுவார். அவரைக் குறைசொல்ல முடியாது. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது மண்டபம். அதற்குப் பின்னால் சமையல்கூடம். அதற்கும் பின்னால், முருங்கை மரத்தோடு ஒட்டினாற்போல ஒரு தகரக் கூரைக் கட்டடம் நிற்கிறது. உலகத்திலேயே அரிதான ஓர் ஆராய்ச்சி அதற்குள்தான் நடக்கவேண்டும். விழா இல்லாத நாட்களில் நடக்கவும் செய்தது.

நான் தர்சிகா. ஊர் சாவகச்சேரி. அந்தத் தகரக் கூரையின் கீழ் பரிசோதனைப் பொறியியலாளர், ஒப்பந்த அடிப்படையில்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் விழாக்களில் இதை மட்டும் யாரும் சொல்வதில்லை. மியூவன் என்பது இலத்திரனைவிடப் பாரமான ஒரு துகள். இரண்டு மைக்ரோசெக்கனில் செத்துப்போகும். பிறக்கும்போதே, தேர் முடிந்து வெளியேறும் சனம் மாதிரி நாலு பக்கமும் சிதறிக்கொண்டு ஓடும். அந்தக் கூட்டத்தை ஒரு தடுப்புக்குள் புகுத்தினால் எல்லாப் பக்க வேகமும் குறையும். பிறகு ஒரு செப்புக் குழிக்குள் விட்டு, வானலை மின்புலத்தால் முன்பக்கம் மட்டும் தள்ளவேண்டும். குறைத்துத் தள்ளி, குறைத்துத் தள்ளிக் கொண்டுபோனால் கூட்டம் ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். இதற்குத்தான் குளிர்விப்பு என்று பெயர். பெயர்ப்பலகையில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுக் குருநகரிலிருந்து பேதுரு அண்ணை படகுக்கு ஐஸ் கேட்டு வந்தார். எங்கள் பணிப்பாளர் அவரை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, "இரண்டாம் கட்டத்தில் பரிசீலிப்போம்" என்று சொல்லி அனுப்பினார்.

பணிப்பாளர் சோமசேகரம் சேர் பௌதிகம் படித்தவரல்லர். ஆனால் ஒலிவாங்கியைப் பிடித்தாரென்றால் பௌதிகம் படித்தவர்களுக்குத் தாங்கள் படித்ததில் சந்தேகம் வந்துவிடும்.

அந்தச் செப்புக் குழியை வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று எங்களிடம் நம்பித் தந்தது. பார்வைக்குக் கோயில் மடப்பள்ளிக் கிடாரம் இரண்டை வாயோடு வாய் பொருத்திய மாதிரி இருக்கும். ஆகவே நிறுவகத்தில் எல்லோரும் அதைக் கிடாரம் என்றே சொன்னார்கள். நானும் சொல்லப் பழகிவிட்டேன். அதன் உட்சுவரை நான் ஒன்றரை வருடம் அந்த நாட்டிலேயே இருந்து மினுக்கினேன். என் முகத்தை வீட்டுக் கண்ணாடியைவிட அதில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவ்வளவு மினுக்கம் வேண்டும். கிடாரம் ஒரு பெரிய காந்தத்துக்கு நடுவில் இருந்து வேலை செய்யவேண்டியது. உள்ளே ஒரு கீறல் இருந்தாலும் அந்த முனையிலிருந்து இலத்திரன்கள் கிளம்பும். காந்தம் அவற்றை ஒன்றாகக் கூட்டி எதிர்ச்சுவரில் அடிக்கும். பொறி பறக்கும், மின்புலம் விழுந்துவிடும்.

அந்த ஆய்வுகூடத்தின் நிபந்தனை ஒன்றே ஒன்று. காந்தத்துக்குள், முழு மின்புலத்தில், ஒரு பொறியும் இல்லாமல் ஒரு மணித்தியாலம் கிடாரம் நிற்கவேண்டும். நின்றால் இன்னும் எட்டுக் கிடாரம் வரும், உண்மையான வேலை தொடங்கும், நானும் இருப்பேன். நிற்காவிட்டால் என் ஒப்பந்தம் முடிந்தது. வேறெங்கும் எனக்கு வேலை கிடைக்காது என்றில்லை. ஆனால் இந்த வேலை இந்த மண்ணில் நடக்கவேண்டும் என்று எனக்கு ஒரு விசர்.

கிடாரம் பெட்டியில் வந்து இறங்கிய அன்றைக்கே நாதஸ்வரம் வைத்துவிட்டார்கள். விழாக்குழுச் செயலாளர் குகதாசன் அண்ணை மாலையும் கையுமாக நின்றார்.

"பெட்டியைத் திறவுங்கோ பிள்ளை, மாலை வாடுது."

"திறக்கேலாது அண்ணை. தூசி பட்டால் முடிஞ்சுது."

"அப்ப மாலையை ஆருக்குப் போடுறது?"

"பெட்டிக்குப் போடுங்கோ."

அவர் பணிப்பாளரைப் பார்த்தார். பணிப்பாளர் பெட்டியைப் பார்த்தார். நல்ல பெட்டி, நான்கு பக்கமும் பலகை, பித்தளைப் பூட்டு. தலையசைத்தார். பெட்டிக்கு மாலை போட்டு, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பக்கத்தில் நின்று படமும் பிடித்துக்கொண்டார்கள். பிறகு பணிப்பாளர் பேசினார்.

"மியூவனின் ஆயுள் இரண்டே இரண்டு மைக்ரோசெக்கன் என்று மேலைநாட்டார் கைவிரித்துவிட்டார்கள். அவையோரே, கவலை வேண்டாம்! எமது நிறுவகம் பொறுப்பேற்ற பின்னர் அந்த ஆயுள் படிப்படியாக நீடிக்கப்படும்!"

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. பேச்சு அடங்க இன்னும் நேரமெடுத்தது.

வினை அடுத்த கிழமைக் கூட்டத்தில் வந்தது. எங்கள் நிறுவகத்தில் உபயகாரர்களின் பெயரில்லாத பொருளே இல்லை. மண்டபத் திரைச்சீலை ஒரு குடும்பம், சமையல்கூடத்துக் காஸ் அடுப்பு இன்னொரு குடும்பம், கழிவறை மாபிள் லண்டனிலுள்ள ஒரு குடும்பம். சுத்த அறையின் குளிரூட்டி, அமரர் விசாலாட்சி நாகமுத்து ஞாபகார்த்தமாக ரொறொன்ரோவிலுள்ள பிள்ளைகள் தந்தது. அதில் ஒட்டிய பெயர் குளிருக்குக் கழன்று விழுந்துவிட்டதாம். மகள் உதயகலா ரெலிபோனில் அழுததாகக் குகதாசன் அண்ணை கூட்டத்தில் சொன்னார்.

"ஒட்டினால் விழும். செம்பிலை வெட்டினால் விழாது," என்றார். "எங்கடை கோயில் கிடாரத்திலை பூட்டன்ரை பேர் இண்டைக்கும் கிடக்கு. எங்களிட்டையும் இப்ப ஒரு கிடாரம் வந்திருக்கெல்லோ?"

கிடாரத்தைத் தந்தவர்கள் வேறு ஆட்கள் என்று நான் சொன்னேன். அது யாருக்கும் ஒரு தடையாகப் படவில்லை. வெளியே வெட்டினால் காந்தச் சுருள் மூடிவிடும் என்றும் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"உள்ளுக்கை ஒரு கமெரா பூட்டினீரெல்லோ, அது என்னத்துக்கு?" என்று பணிப்பாளர் கேட்டார்.

"பொறி பறக்குதோ எண்டு பாக்க, சேர்."

"அப்ப உள்ளுக்கை வெட்டினால் கமெராவிலை தெரியும். ரொறொன்ரோவிலை இருந்தே பாக்கலாம்." அவருடைய முகம் மலர்ந்தது. "இன்னொண்டு கவனிச்சியளோ? கல்லிலை வெட்டினால் ஆற்றை பேர் முதல் எண்டு சண்டை வரும். உது வட்டம். வட்டத்திலை முதலுமில்லை, கடைசியுமில்லை. இந்த நிறுவகம் தொடங்கினதிலை இருந்து இப்பிடியொரு விஞ்ஞானக் கண்டுபிடிப்பை நான் காணேல்லை!"

"சேர், விரல் அடையாளம் பட்டாலே பொறி பறக்கும். எழுத்து வெட்டினால் ஒரு நிமிசமும் நிக்காது."

"அப்ப ஆழமில்லாமல் வெட்டச் சொல்லுவம்."

"சேர்..."

"பிள்ளை, நான் விஞ்ஞானத்துக்கு எதிரியில்லை. ஆனால் யோசிச்சுப் பாரும். மியூவன் இரண்டு மைக்ரோசெக்கன். பேர் அப்பிடியே?"

கூட்டமே கைதட்டியது. நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். எதற்கும் பயன்படாத கை.

அடுத்த நாள் என்னைக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். இந்தியாவிலிருந்து கப்பலில் வரும் வெற்றிடப் பம்பி வளையத்தைச் சுங்கத்தில் எடுத்துவர வேண்டுமாம். அதில் சூது இருக்கும் என்று எனக்கு ஓடவில்லை. நான் திரும்பி வந்தபோது சுத்த அறைக்கு வெளியே ஒரு சோடி செருப்புக் கிடந்தது. உள்ளே, சந்தைப் பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிற மார்க்கண்டு ஐயா, எங்கள் வெள்ளைச் சுத்த உடுப்பைத் தலையிலிருந்து கால்வரை போட்டுக்கொண்டு, திறந்த கிடாரத்தின் பாதிக்குள் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார். கையில் உளியும் சுத்தியலும்.

"வாங்கோ பிள்ளை, ஒருக்கால் பாருங்கோ. எல்லாருக்கும் ஒரே அளவு எழுத்து. கொஞ்ச இடம் மிஞ்சிச்சுது, சும்மா விடுவானேன் எண்டு ஒரு தாமரைப்பூவும் போட்டிருக்கிறன்."

பூ வடிவாகத்தான் இருந்தது. ஒன்றரை வருடம் நான் முகம் பார்த்த செம்பு. முருங்கை மரத்தடிக்குப் போய் நின்று அழுதேன். மார்க்கண்டு ஐயா வெளியே வந்து, பூ பிடிக்கவில்லையென்றால் அடுத்த பக்கத்தில் அன்னம் போடலாம் என்றார். அந்த மனுசனைக் கோபிக்க முடியவில்லை. கோபிக்கவேண்டியவர்கள் சமையல்கூடத்தில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மினுக்கி அழிக்கிறேன் என்று பணிப்பாளரிடம் போனேன். படம் வட்ஸ்அப்பில் போய்விட்டது, ரொறொன்ரோவில் பார்த்து எல்லோரும் அழுதுவிட்டார்கள், இனி ஓர் எழுத்தில் கை வைத்தாலும் நிறுவகத்தின் நம்பிக்கைக்குப் பங்கம் என்றார்.

சோதனை நாளும் வந்தது. பரீட்சகராக அந்த ஆய்வுகூடம் அனுப்பிய ஆள் ஜெரோசன். குருநகர்ப் பிள்ளை, பல வருடமாக அங்கே வேலை. எனக்கு மினுக்கப் பழக்கியவரும் அவர்தான். வந்ததும் கமெராத் திரையைப் பார்த்தார். நீண்டநேரம் பார்த்தார்.

"தர்சிகா, உதென்ன தாமரைப்பூ?"

"இடம் மிஞ்சிச்சுதாம்."

அவர் தலையில் கை வைத்தார். "எங்கடை மாதா கோயில் வாங்கிலை பேர் எழுதியிருக்கும், தெரியும். ஆனால் வாங்கிலை குந்தத்தானே வேணும், உதுக்குள்ளை ஆர் குந்தப்போகினம்?"

காலையில் தொடங்கவேண்டிய சோதனை, மங்கள விளக்கு, வரவேற்பு நடனம், ஆசியுரை, வாழ்த்துரை, மதிய போசனம் எல்லாம் முடிந்த பிறகு தொடங்கியது. மண்டபத்தில் பெரிய திரை. அதில் ஒரு பக்கம் கிடாரத்தின் உட்புறம், மறுபக்கம் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருந்து சூமில் வந்த குடும்பங்கள். நான் மின்புலத்தை மெதுவாக ஏற்றினேன். மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். பாதித் தூரம்கூடப் போகவில்லை. விசாலாட்சியின் 'சா'வில் நீலமாய் ஒரு பொறி வெடித்தது. மின்புலம் விழுந்தது.

எல்லாம் முடிந்தது என்று நான் கண்ணை மூடினேன். அப்போதுதான் திரையிலிருந்து உதயகலாவின் குரல் கேட்டது.

"ஐயோ, அம்மாவின்ரை பேர் மின்னுது! பிள்ளையள், ஓடிவாங்கோ! அம்மம்மா மின்னுறா!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. நான் திரும்ப ஏற்றினேன், திரும்ப வெடித்தது, திரும்பக் கைதட்டினார்கள். காஸ் அடுப்புக் குடும்பம் மின்னியது. திரைச்சீலைக் குடும்பம் இரண்டு தரம் மின்னியது. லண்டன் பக்கத்தில் ஒருவர் கோபமாகக் கையை உயர்த்தினார்.

"ஏன் எங்கடை அப்பா மட்டும் மின்னேல்லை? கழிவறைக்கு மாபிள் போட்டது நாங்களெல்லோ!"

பணிப்பாளர் என் காதோடு சொன்னார்: "பிள்ளை, கொஞ்சம் கூட்டிவிடும். ஒராளை விட்டிட்டு ஒராள் மின்னினால் நாளைக்குக் கதை வரும்."

ஜெரோசன் மேடையேறி, ஒலிவாங்கியைப் பிடித்து, ஒரே வசனம் சொன்னார்: "சோதனை தவறிச்சுது." பணிப்பாளர் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "எமது சிறப்பு விருந்தினர் தன்னடக்கத்தின் சிகரம்! இந்த மண்ணின் மைந்தர்களுக்கே உரிய பணிவு!"

போகும்போது ஜெரோசன் பொன்னாடையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

"ஆய்வுகூடக்காரர் கிடாரத்தைத் திருப்பிக் கேக்கமாட்டினம். பேர் வெட்டின சாமானை வைச்சு என்ன செய்யிறது? ஆனால் நிபந்தனை நிபந்தனைதான். எப்பவாவது ஒரு மணித்தியாலம் நிண்டால் என்னைக் கூப்பிடு. நடுச்சாமமெண்டாலும் எழும்புவன்."

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மாதக் கடைசியில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது பணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். லண்டன்காரர் பேசினாராம். வருகிற கிழமை தகப்பனுடைய திதி. ஐயருக்குச் சொல்லியாயிற்று, சமையலுக்குச் சொல்லியாயிற்று, பெயரையும் ஒருக்கால் மின்னவிட முடியுமா என்று கேட்டாராம். அன்றைக்கே என் ஒப்பந்தம் நீடிக்கப்பட்டது. கொஞ்ச நாளில் நிரந்தரமும் ஆகிவிட்டது. பதவியின் பெயர் நாமவொளி அலுவலர். அம்மா அயலுக்கெல்லாம் லட்டுக் கொடுத்தா. நான் ஒன்றையும் தின்னவில்லை.

இப்படியாக, மியூவனைக் குளிர்விக்கப் படித்த நான் திதி பார்த்துப் பொறி விடுகிறவளானேன். பஞ்சாங்கம் என் மேசையில் வந்து ஏறியது. வளர்பிறைத் தசமியில் ஒரு குடும்பம், தேய்பிறை நவமியில் இன்னொரு குடும்பம். பொறி வெடிக்கும், அங்கே அழுவார்கள், இங்கே நான் கொட்டாவி விடுவேன்.

கொட்டாவி நின்ற நாள் நினைவிருக்கிறது. லண்டன்காரருடைய தாயின் திதி. வழக்கமான அளவுக்கு ஏற்றினேன், மின்னவில்லை. இன்னும் கூட்டினேன், அப்போதுதான் வெடித்தது. கமெராவை அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். எழுத்தின் கூரெல்லாம் உருகி மழுங்கிப் போயிருந்தது. வெடிக்கிற ஒவ்வொரு பொறியும் தன்னை உண்டாக்கிய முனையையே தின்கிறது. கிடாரங்களை இப்படிப் பொறிவிட்டுப் பழக்குவது எங்கள் தொழிலில் உள்ளதுதான். ஆனால் உளியால் வெட்டிய தாமரைப்பூவைக்கூட அது தின்னும் என்று யார் கண்டது!

நேரே பணிப்பாளரிடம் போனேன்.

"சேர், திதி மட்டும் காணுமோ? செத்தவையின்ரை பிறந்தநாளையும் சேர்ப்பமே. கலியாண நாள், பேரப்பிள்ளையளின்ரை பரீட்சை நாள்..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளைக்கு இப்பதான் எங்கடை பண்பாடு விளங்கியிருக்கு."

அந்த வருடம் எங்கள் கிடாரம் வெடித்த மாதிரி உலகத்தில் எந்தக் கிடாரமும் வெடித்திருக்காது. விழா இல்லாத நாட்களில் ஒத்திகை என்று சொல்லியும் வெடிக்கவைத்தேன். குகதாசன் அண்ணை என் கடமையுணர்ச்சியைப் பாராட்டி எனக்கும் ஒரு மாலை போட்டார்.

பிறகு விசாலாட்சி அம்மாவின் ஆண்டுத் திவசம் வந்தது. இங்கே காலை. அங்கே உதயகலாவும் சகோதரர்களும் படுக்காமல் விழித்திருந்து திரையில் கூடியிருந்தார்கள். பணிப்பாளர் விளக்கேற்றினார். நான் ஏற்றத் தொடங்கினேன். பாதி, முக்கால், முழு மின்புலம். பொறி இல்லை. ஜெரோசனுக்கு வீடியோ அழைப்பெடுத்து, ரெலிபோனை அளவுமானிக்கு முன்னால் நிறுத்தி வைத்தேன். அங்கே நித்திரைக் குரலில் "ஆ?" என்றவர் முள்ளைக் கண்டதும் நேரம் குறிக்கத் தொடங்கினார்.

"மின்னேல்லையே?" என்றார் உதயகலா.

"பொறுங்கோ அக்கா," என்றேன்.

பொறுத்தார்கள். குகதாசன் அண்ணை தேவாரம் பாடினார். அது முடிய இன்னொன்று பாடினார். பணிப்பாளர் தாய்மை பற்றிப் பேசினார். அவருடைய பேச்சு நீளவேண்டும் என்று வாழ்க்கையில் முதல்தடவையாக வேண்டிக்கொண்டேன். அவர் என்னைக் கைவிடவில்லை. அளவுமானியின் முள் அசையவே இல்லை. மணித்தியாலம் நிறைந்தபோது ரெலிபோனில் ஜெரோசன், "நிண்டிட்டுது, தர்சிகா. நிண்டிட்டுது!" என்று கத்தினார். நான் விம்மி விம்மி அழுதேன். சந்தோசம் தாங்கவில்லை.

திரையில் உதயகலா தம்பியின் தோளைத் தட்டினார். "பாரடா, அந்தப் பிள்ளை எங்கடை அம்மாவுக்காக எப்பிடி அழுகுது! மின்னாட்டியும் பரவாயில்லை. இது காணும்." அவர்களும் அழுதார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு குற்றம் உறுத்தியது, ஆனாலும் அழுகை நிற்கவில்லை.

திரை அணைந்ததும் பணிப்பாளர் குகதாசன் அண்ணையைப் பார்த்தார். "மார்க்கண்டுவை வரச்சொல்லும். இந்தமுறை நல்ல ஆழமா வெட்டவேணும்."

"வேண்டாம் சேர்!" என்று நான் போட்ட சத்தத்தில் விளக்கே அணைந்திருக்கும். "இன்னும் எட்டுக் கிடாரம் வருது, சேர்."

"எட்டோ?" அவர் கதிரையில் உட்கார்ந்தார். உதடு அசைந்தது, குடும்பங்களை எண்ணுகிறார் என்று விளங்கியது. அப்போதுதான் மண்டபத்து மூலையில், கிடாரம் வந்த அந்தப் பழைய வெறும்பெட்டி கண்ணில் பட்டது. சந்தனம் காய்ந்து, மாலை நாராகி, பித்தளைப் பூட்டோடு அப்படியே இருந்தது.

"சேர், கிடாரத்துக்குள்ளை வெட்டினால் கமெராவிலைதான் தெரியும். முதல் மாலை வாங்கினது பெட்டியெல்லோ? அதிலை நாலு பக்கமும் பேர் வெட்டி மேடையிலை வைப்பம். நேரிலை வாறவை தொட்டுக் கும்பிடலாம். லைற்றும் போடலாம், சேர். விட்டுவிட்டு மின்னுற லைற்று."

அவர் பெட்டியின் பக்கங்களை விரல்விட்டு எண்ணினார்.

"நாலு பக்கமெண்டால் முதல், கடைசி எண்டு வருமே?" என்றார்.

"சுத்திவரக் கும்பிட்டால் வட்டம்தானே, சேர்."

அவர் எழுந்து என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்.

ஆவணியில் உதயகலா கனடாவிலிருந்து வந்தார். மேடையில் பெட்டி, அதைச் சுற்றி மின்னும் விளக்கு, பலகையில் மார்க்கண்டு ஐயாவின் எழுத்து, இந்தமுறை நாலு மூலையிலும் தாமரைப்பூ. அவர் தாயின் பெயரைத் தடவிப் பார்த்து, பெட்டியில் நெற்றியை வைத்து அழுதார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, நீங்கள்தானே அண்டைக்கு அழுதது? இப்ப எங்கை வேலை?"

"பின்னுக்கு, அக்கா. அந்தத் தகரக் கூரைக்குள்ளை."

"அங்கை என்ன கிடக்கு?"

"கொஞ்சம் செம்புச் சாமான்," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் பெட்டியைக் கும்பிடத் திரும்பினார். பணிப்பாளர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். நான் சமையல்கூடத்தின் பக்கத்தால் நழுவி வேலைக்குப் போனேன்.